அனல்மின் நிலையத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி: வேலையால் வந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாய்லர், டர்பைன், ஸ்டீம் லைன் பக்கம் வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு இப்போது மூச்சு வாங்க அலைகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இதை எழுதுகிறேன். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி இரண்டு பேருக்கும் பொருந்தும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு டாக்டர் நோயின் பெயரைச் சொல்கிறார். உடனே வக்கீலிடம் ஓடுகிறார்கள். "எந்த யூனிட், எந்த வருஷம், என்ன வேலை, அதுக்கு என்ன ஆதாரம்?" என்று அவர் கேட்ட பிறகுதான் தேடவே ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் கான்ட்ராக்டர் கம்பெனியை மூடியிருப்பார், கூட வேலை பார்த்தவர் இறந்திருப்பார். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமும் 2020இல் ஓய்ந்துவிட்டது. பழைய யூனிட்டுகள் ஸ்கிராப்புக்குப் போகப் போக, கண்ணால் காட்டக்கூடிய சாட்சியமும் போகிறது.

அதனால் இங்கே வரிசை வேறு. வேலைக்கான ஆதாரம் முதலில், டாக்டர் அடுத்து, மனு கடைசியில்.

1. உங்கள் வேலை இதில் வருமா என்று பாருங்கள்

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் கூரை ஷீட்டுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. "எங்க பிளான்ட்ல ஷெட்டுக்கு மட்டும்தான் ஷீட் போட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கும். அறுத்தாலோ உடைத்தாலோதான் பறக்கும். மின் நிலையத்தில் ஆபத்து வேறு இடத்தில் இருந்தது.

1960, 70களில் எழுந்த பாய்லர்களிலும் ஸ்டீம் பைப்களிலும் சூடு வெளியே போகாமல் சுற்றும் லாகிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது உலகம் முழுக்க வழக்கம். வருடாந்திர ஓவர்ஹாலிங்குக்கு யூனிட்டை நிறுத்தினால் பல இடங்களில் முதல் வேலையே லாகிங்கைப் பிரிப்பதுதான். அலுமினியத் தகட்டைக் கழற்றி, கம்பி வலையை வெட்டி, உள்ளே காய்ந்து கிடக்கும் வெள்ளைப் பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பார்கள். அது இரும்புக் கம்பித் தளமான கிரேட்டிங் வழியாக மாவு போலக் கீழ்த்தளம் வரை இறங்கும்.

அடுத்து கேஸ்கெட் (பைப் இணைப்பு கசியாமல் நடுவில் வைக்கும் ஷீட்), கிளாண்ட் பேக்கிங் (வால்வு கசியாமல் சுற்றும் கயிறு). பைப் இணைப்பான ஃபிளாஞ்சில் ஒட்டிப்போன பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி வயர் பிரஷ் போட்டவர், வால்வு ஸ்பிண்டிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை அளந்து அறுத்துச் சுற்றியவர், வெல்டிங் பொறி விழாமல் ஆஸ்பெஸ்டாஸ் துணி விரித்தவர், கிரேனுக்கு பிரேக் லைனிங் மாற்றியவர் எல்லோரும் இதில் வருவார்கள்.

சுத்தியல் பிடித்தவருக்கு மட்டும்தான் உரிமை என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன், சாரம் கட்டியவர், உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிய பெண்கள் எல்லோரும் அதே காற்றைத்தான் இழுத்தார்கள். கூட்டி அள்ளியவர்களைப் பதிவில் 'துப்புரவு' என்றே எழுதிவிடுவதால் யாருமே அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் விஷயத்தில் மூன்றாவது, நான்காவது படிகளை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

மூன்று நோய்கள் முக்கியம். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். மூன்றும் தூசி பட்டுப் பத்து, இருபது வருடம் கழித்து வருபவை. மீசோதீலியோமாவுக்கு முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். வேலையை விட்டு நாளாகிவிட்டது என்பதால் 'இது அதுவாக இருக்காது' என்று ஒதுக்கக் கூடாது.

2. எந்தக் கதவு உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு கதவு உண்டு. வேலை பார்த்த காலத்தில் உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்திருந்தால் இ.எஸ்.ஐ. கழகம். இல்லையென்றால் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி விசாரிக்கும் அதிகாரி. தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையின் அதிகாரிகளிடம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் வரும் பாதிப்புக்கு இன்னொரு கதவைத் தட்ட முடியாது, சட்டமே தடுக்கிறது. தவறான இடத்தில் மனு போட்டு, இரண்டு வருடம் கழித்து 'இங்கே செல்லாது' என்ற உத்தரவோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குச் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். கழகம் உங்களுக்குரியதைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் மருத்துவக் குழு ஊனத்தின் அளவை முடிவு செய்யும். அதற்கேற்ப மாதாமாதம் பணம் வரும். முழு ஊனம் என்றால் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம். இறந்தவரின் குடும்பத்துக்கும் தனிப் பலன் உண்டு.

சட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், 1948ஆம் வருடத்து இ.எஸ்.ஐ. சட்டம் இரண்டின் இடத்திலும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. வேலையால் வரும் நோய்களின் அட்டவணை புதியதிலும் இருக்கிறது. உங்களுக்கு நோய் உறுதியான தேதி இந்த நாளுக்கு முன்பா, பின்பா என்று பார்த்து எந்தச் சட்டம் என்று எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் மனுத் தலைப்பில் குறிப்பிட்டுவிடுங்கள். பெயரை மாற்றிப் போட்டதற்காக மனு திரும்பி வந்து ஒரு மாதம் வீணாவதைவிட இது மேல்.

இணையத்தில் தேடினால் 'ஆஸ்பெஸ்டாஸ் டிரஸ்ட் நிதியில் லட்சக்கணக்கான டாலர்' என்று விளம்பரங்கள் வந்து விழும். அவை அமெரிக்காவில் திவாலான கம்பெனிகள் அங்கே அமைத்த அறக்கட்டளைகள். அங்கே வேலை பார்க்காதவர்கள் அந்தப் படிவத்தில் போன் நம்பரையும் ஆதாரையும் கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

3. வேலை வரலாற்றை ஒரு தாளில் எழுதுங்கள்

இதுதான் மொத்தக் கேஸுக்கும் அடித்தளம். மற்ற எல்லாத் தாளும் இதை ஒட்டித்தான் வரும். டாக்டரிடம் போவதற்கு முன்பே இது தயாராக இருக்க வேண்டும்.

தாளை நீளவாக்கில் ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த நிலையத்தில் எந்த யூனிட், யாரிடம் வேலை (மின் வாரியமா, கான்ட்ராக்டரா, கான்ட்ராக்டர் என்றால் பெயர்), பதவிப் பெயரும் கையால் உண்மையில் செய்த வேலையும், கையில் இருக்கும் ஆதாரம்.

நான்காவது கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஹெல்பர்', 'பாய்லர் மெயின்டனன்ஸ்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அதிகாரிக்கு அதில் தூசியே தெரியாது. "ஒவ்வொரு ஓவர்ஹாலிங்கிலும் இரண்டாவது யூனிட் மெயின் ஸ்டீம் லைன் லாகிங்கைச் சுத்தியலால் தட்டிப் பிரித்தேன். முகத்தில் துண்டு மட்டும் கட்டியிருந்தேன். பிரித்ததைச் சாக்கில் அள்ளினேன்" என்று எழுதினால் தெரியும். செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். குறுக்கு விசாரணையில் பாய்லர் எத்தனை மீட்டர் உயரம், டிரம் எந்தத் தளத்தில் என்று கேட்பார்கள். ஒரு பொய் சிக்கினால் உண்மையான பத்து வரியும் போய்விடும்.

வருடம் நினைவில்லை என்றால் வீட்டு விசேஷங்களை வைத்துப் பிடிக்கலாம். மூத்த மகள் பிறந்தது, சுனாமி வந்தது, தம்பி கல்யாணம் இப்படி. பிறகு கையில் இருக்கும் தாளோடு ஒத்துப்பாருங்கள். சர்வீஸ் புத்தகம், சம்பளச் சீட்டு, கேட் பாஸ், பி.எஃப். சீட்டு, போனஸ் ரசீது, சங்கச் சந்தா ரசீது எல்லாமே உதவும். பி.எஃப்.பில் யு.ஏ.என். எண் (எத்தனை இடம் மாறினாலும் ஒருவருக்கு ஒரே எண்) வந்தது 2014இல்தான். அதற்கு முந்தைய சர்வீஸுக்குப் பழைய கணக்கு எண்ணைக் கொடுத்து பி.எஃப். அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு விஷயம். சில கான்ட்ராக்டர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துக் காட்டுவார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கும் மீசோதீலியோமாவுக்கும் தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. தாளில் இடைவெளி இருந்தாலும் உண்மையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பதை அட்டெண்டன்ஸ், கேட் பதிவு, சக தொழிலாளியின் வாக்குமூலம் எதையாவது கொண்டு காட்டுங்கள்.

4. கூட வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடியுங்கள்

ஆவணம் கிடைக்காத இடத்தில் சாட்சிதான் பேசும். அதே யூனிட்டில், அதே காலத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் போதும். ஒருவராவது நிரந்தரத் தொழிலாளியாக இருப்பது நல்லது. அவர் பெயர் நிர்வாகத்தின் பதிவேட்டிலேயே இருக்கும், 'இவர் யார்' என்ற கேள்வி வராது. ஓய்வு பெற்ற சூப்பர்வைசர் சம்மதித்தால் இன்னும் நல்லது.

நோட்டரி முன் வாக்குமூலம் வாங்குங்கள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை டைப் அடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் இங்கே வாடிக்கையான தவறு. மூன்று வாக்குமூலமும் ஒரே மாதிரி இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைக்குத் தீபாவளி. அவரவர் பார்த்ததை அவரவர் வார்த்தையில் எழுதட்டும். ஒருவருக்கு யூனிட் நினைவிருக்கும், இன்னொருவருக்கு ஃபோர்மன் பெயர் நினைவிருக்கும்.

சாட்சிக்கே உடம்பு சரியில்லை என்றால் அவருடைய வாக்குமூலத்தை முதலில் வாங்கிவிடுங்கள். கூட வேலை பார்த்தவரும் அதே தூசியைத்தான் சுவாசித்திருக்கிறார். முடிந்தால் அவரையும் டாக்டரிடம் அனுப்புங்கள்.

5. நிர்வாகத்திடம் இருக்கும் தாளை ஆர்.டி.ஐ.யில் வாங்குங்கள்

அரசு நிறுவனம் நடத்தும் நிலையம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். டாக்டரிடம் அலைகிற நேரத்திலேயே இந்த நாள்கள் ஓடிவிடும் என்பதால் இதை இப்போதே போட்டுவிட வேண்டும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "தொழிலாளிகளுக்கு ஏன் பாதுகாப்பு தரவில்லை?" என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்:

இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, துணி, கேஸ்கெட் ஷீட், இன்சுலேஷன் பொருள் வாங்கிய கொள்முதல் ஆணைகளின் நகல். ஸ்டோர்ஸில் இருந்து அவற்றை எந்தப் பிரிவுக்குக் கொடுத்தார்கள் என்ற பதிவேட்டின் நகல். பாய்லர் ஓவர்ஹாலிங், லாகிங் வேலைக்குக் கொடுத்த ஒப்பந்த ஆணைகள், ஒப்பந்ததாரர் பெயர். என் பெயருக்குரிய மருத்துவப் பரிசோதனைப் பதிவுகள். பழைய யூனிட் என்றால் இடிப்பதற்கான டெண்டர் ஆவணம். அதில் ஆஸ்பெஸ்டாஸை அகற்றுவது பற்றி ஒரு பத்தி இருந்துவிட்டால், 'எங்கள் நிலையத்தில் ஆஸ்பெஸ்டாஸே இல்லை' என்று பிறகு சொல்ல முடியாது.

ஒரே மனுவில் இருபது கேள்வி வேண்டாம். நாலைந்தாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றது வரும்.

மருத்துவப் பதிவுகளைக் கேட்கும்போது ஒரு தீர்ப்பைக் குறிப்பிடலாம். 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கன்ஸ்யூமர் எஜுகேஷன் அண்ட் ரிசர்ச் சென்டர் வழக்கில், ஆஸ்பெஸ்டாஸ் தொழில்களில் வேலை பார்ப்பவரின் உடல்நலப் பதிவை வேலை தொடங்கியதில் இருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 'நாங்கள் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை இல்லை, மின் நிலையம்' என்று பதில் வரலாம். வரட்டும், அந்தப் பதிலும் எழுத்தில் உங்கள் கைக்கு வருகிறதே. நிலக்கரி அனல்மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றித் தனியாகவே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2014 ஜனவரியில் அதை அந்தந்த உயர் நீதிமன்றங்கள் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வக்கீலிடம் இரண்டையும் சொல்லி வையுங்கள்.

தனியார் நிலையம் என்றால் ஆர்.டி.ஐ. நேரடியாகச் செல்லாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் அந்த நிலையம் பற்றி இருக்கும் ஆய்வு அறிக்கைகளைக் கேட்கலாம்.

6. இப்போது டாக்டரிடம் போங்கள், தாளோடு

அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவு போதும். சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய் மையத்தைக் கேளுங்கள்.

ஓ.பி. சீட்டைக் கவனியுங்கள். அதில் 'தொழில்' என்ற இடத்தில் பெரும்பாலும் 'கூலி' என்றோ 'ஓய்வு' என்றோ எழுதியிருக்கும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது கவுன்ட்டரில் இருப்பவர் வேறென்ன எழுதுவார்? ஆனால் மூன்று வருடம் கழித்து விசாரணையில் எதிர்த்தரப்பு காட்டப்போவது அந்த ஒரு சொல்லைத்தான். "டாக்டரிடம்கூட இவர் ஆஸ்பெஸ்டாஸ் வேலை என்று சொல்லவில்லையே!" அதனால் மூன்றாவது படியில் எழுதிய தாளின் நகலை டாக்டரிடம் கொடுத்து, கேஸ் ஷீட்டில் 'இத்தனை வருடம் பாய்லர் லாகிங் வேலை, ஆஸ்பெஸ்டாஸ் தூசி' என்று எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் எழுதுவார்கள். அவர்களுக்கும் நோயைக் கண்டுபிடிக்க அது வேண்டும்.

நம்மூரில் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் முதலில் நினைப்பது டி.பி. சளியில் கிருமி இல்லாமலேயே ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டவர்கள் இதில் ஏராளம். அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மூச்சுத்திணறல் எப்போது ஆரம்பித்தது என்பதற்கு அவை சாட்சி. நீங்கள் சும்மா இருக்கவில்லை, நோய்தான் பிடிபடவில்லை என்று தாமதத்துக்குக் காரணம் காட்டவும் உதவும்.

எந்தெந்தப் பரிசோதனை? சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை ஆஸ்பெஸ்டோசிஸ் தெரியாமல் போகலாம். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன் கேளுங்கள். இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் தழும்பு, சவ்வில் கால்சியம் படிந்த திட்டுகள் இருந்தால் டாக்டரின் கவனம் ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் திரும்பும். காரணம் தெரியாத நுரையீரல் இறுக்கம் என்ற நோயும் ஸ்கேனில் கிட்டத்தட்ட இதே போலத் தெரியும். இரண்டையும் பிரிக்க டாக்டருக்கு வேலை வரலாறு வேண்டும். மூச்சளவுப் பரிசோதனை எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும். மீசோதீலியோமா சந்தேகம் என்றால் திசு எடுத்துப் பார்க்காமல் உறுதி ஆகாது. திசுவை மெழுகில் பதித்த கட்டையை ஆஸ்பத்திரி வைத்திருக்கும். அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டாவது கருத்து கேட்க வேண்டி வரும்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் புகையால் வருவதில்லை, மீசோதீலியோமாவும் அப்படித்தான். நுரையீரல் புற்றுநோயில் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும் என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற விஷயம். புகைத்தார் என்பதாலேயே ஆஸ்பெஸ்டாஸின் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. மறைத்தது பிடிபட்டால்தான் பிரச்சினை.

நிலக்கரி கையாளும் பிரிவிலோ சாம்பல் பிரிவிலோ வேலை பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸும் வேலையால் வரும் நோய்களின் அட்டவணையில் இருக்கிறது.

இன்னொன்று, ஆஸ்பெஸ்டோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். கண்டுபிடிக்கும் டாக்டர் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு எழுதியாக வேண்டும். நினைவுபடுத்துங்கள், அனுப்பினால் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கேஸில் அரசுத் துறையின் கோப்பு ஒன்று உருவாகிவிடும்.

7. சான்றிதழில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள்

'நுரையீரல் செயல்பாடு 40 சதவீதம் குறைவு' என்று மட்டும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. இரண்டும் ஒன்றல்ல. நுரையீரலில் 40 சதவீதம் போன ஃபிட்டரால் ஏணி ஏற முடியாது, செயின் பிளாக் இழுக்க முடியாது. அவர் தொழிலைப் பொறுத்தவரை போனது 40 சதவீதமா? 1976இல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் இதைத்தான் பார்த்தது. அவருக்கு ஒரு கை போயிருந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு இழப்பு என்றது.

டாக்டரிடம் உங்கள் வேலையில் என்னென்ன அசைவு, என்ன சுமை என்று சொல்லி, 'இந்த வேலையைச் செய்ய முடியுமா, சம்பாதிக்கும் திறன் இழப்பு எவ்வளவு' என்று தனியாக எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரியால் தொகை எப்படி மாறுகிறது என்பது ஒன்பதாவது படியில்.

8. நோட்டீஸ், காலக்கெடு

நோய் உறுதியானதும் நிர்வாகத்துக்கும் கான்ட்ராக்டருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பெயர், முகவரி, நோய், தெரிய வந்த தேதி, வேலை பார்த்த இடம். அவ்வளவு போதும். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கான்ட்ராக்டரே காணாமல் போயிருந்தாலும் கலங்க வேண்டாம்; ஒப்பந்தத் தொழிலாளிக்கான பொறுப்பு முதன்மை நிர்வாகத்தையும் சேரும்.

மனு போட 2 வருடம். எதில் இருந்து 2 வருடம் என்பதுதான் தகராறு. வேலையில் இருக்கும்போதே நோயால் வர முடியாமல் போனால், தொடர்ந்து வராமல் போன முதல் நாளில் இருந்து. வேலையை விட்ட 2 வருடத்துக்குள் அறிகுறி வந்தால், அறிகுறி முதலில் தெரிந்த நாளில் இருந்து. ஆஸ்பெஸ்டாஸ் நோயோ அதற்கெல்லாம் பிறகு, சாவகாசமாக வருகிறது. இந்த வரியைப் படித்துவிட்டுப் பலர் 'எனக்குக் காலம் கடந்துவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள்.

விட வேண்டாம். வேலையை விட்ட பிறகு வந்த நோயும் அந்த வேலையால்தான் வந்தது என்று நிரூபித்தால் ஏற்கலாம் என்று சட்டத்தில் தனி வாசகம் இருக்கிறது. போதுமான காரணம் இருந்தால் தாமதமாக வந்த மனுவை ஏற்கும் அதிகாரமும் அதிகாரிக்கு உண்டு. தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவை மூல மனுவோடு சேர்த்தே போடுங்கள். நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும் என்ற மருத்துவக் கருத்து, பழைய டி.பி. சீட்டுகள், நோய் உறுதியான தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். உறுதியான தேதியில் இருந்தாவது 2 வருடத்தைத் தாண்டாதீர்கள். அதன் பிறகும் தள்ளிப்போட்டால் சொல்லக் காரணம் இருக்காது.

9. மனுவும் தொகையும்

வேலை பார்த்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்றில்லை. நீங்கள் வசிக்கும் பகுதியின் அதிகாரியிடமும் போடலாம். ராமகுண்டத்தில் வேலை பார்த்துவிட்டு விழுப்புரத்தில் வந்து குடியிருப்பவர், மூச்சு வாங்கிக்கொண்டு தெலங்கானாவுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

கணக்கு இப்படி. முழு, நிரந்தர இழப்பு என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். இறந்துவிட்டால் 50 சதவீதம். 2020 ஜனவரி 3 முதல் இந்தக் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். நீங்கள் 40,000 வாங்கியிருந்தாலும் 15,000தான். மனு போடும் முன் புதிய அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

55 வயதுக்குரிய எண் 135.56. முழு இழப்பு என்றால் 15,000இல் 60 சதவீதம் 9,000; 9,000 × 135.56 = 12,20,040 ரூபாய். அதே மனிதருக்கு 40 சதவீதம் என்று சான்றிதழ் வந்தால் 4,88,016. ஏழாவது படியில் அவ்வளவு வற்புறுத்தியது இதனால்தான். 60 வயதுக்கு எண் 117.41, 65ம் அதற்கு மேலும் என்றால் எல்லோருக்கும் 99.37.

இதோடு மருத்துவச் செலவைத் தனியாகக் கேளுங்கள், பில் வேண்டும். தொகை உரிய நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாமல் தாமதித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இரண்டையும் மனுவிலேயே எழுதுங்கள். கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் பலர்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. யாராக இருந்தாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதே காரணத்துக்காகச் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும் என்பதையும் வக்கீலிடம் நினைவூட்டுங்கள்.

10. விசாரணையில்

நிர்வாகம் சொல்லப்போவது அநேகமாக மூன்றுதான்: எங்களிடம் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, இவர் எங்கள் ஆள் இல்லை, இது பீடியால் வந்தது. ஐந்தாம், மூன்றாம், ஆறாம் படிகளைச் சரியாகச் செய்திருந்தால் மூன்றுக்கும் பதில் கையில் இருக்கும். நிர்வாகம் தன் டாக்டரிடம் பரிசோதிக்க அழைத்தால் போங்கள், மறுத்தால் உங்கள் உரிமை நிறுத்தி வைக்கப்படலாம். எக்ஸ்ரே, ஸ்கேன் மூலப் பிரதிகளை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

'இவ்வளவு வாங்கிக்கொண்டு இனி கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடு' என்று இடையில் யாராவது வருவார்கள். சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. சமரசம் என்றால் அதிகாரியின் முன்னால் பதிவாகட்டும்.

11. தொழிலாளி இறந்துவிட்டால்

குடும்பம் மனு போடலாம். இறந்த நாளில் இருந்து 2 வருடம்.

இறப்புக்கான காரணத்தை ஆஸ்பத்திரி எழுதும் சான்றிதழில் 'இதயமும் சுவாசமும் நின்றதால்' என்று எழுதி முடித்துவிடுவது சாதாரணம். யாருக்குத்தான் கடைசியில் இரண்டும் நிற்காமல் இருக்கும்? அந்தப் படிவத்தில் உடனடிக் காரணத்துக்குக் கீழே அடிப்படைக் காரணத்துக்கு என்று தனி வரி உண்டு. அங்கே ஆஸ்பெஸ்டோசிஸ் அல்லது மீசோதீலியோமா வர வேண்டும். உடலை எடுத்து வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் வீட்டாரால் முடியாது, விவரம் தெரிந்த உறவினர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். 2023இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இந்தச் சான்றிதழின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. நகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, அதை மட்டும் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

உயிரோடு இருக்கும்போது திசுப் பரிசோதனை நடக்கவில்லை என்றால் பிரேதப் பரிசோதனை ஒன்றுதான் வழி. சொல்வதற்கே கஷ்டமான விஷயம்; ஆனாலும் நோய் முற்றிய நிலையில் குடும்பம் இதைப் பேசி முடிவெடுத்து வைப்பது நல்லது.

இறப்புக்கான நஷ்டஈட்டை நிர்வாகம் அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, வீட்டுக்கு வந்து கையில் கொடுத்தது நஷ்டஈட்டுக் கணக்கில் சேராது. அப்படி யாராவது பணத்தோடு வந்து ரசீதில் கையெழுத்து கேட்டால், எதற்கான பணம் என்று ரசீதில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு, அதை மனுவோடு இணைத்துவிடுங்கள்.